மணல்ல உக்காந்த ஜெர்மன்காரரும் மாடியில உக்காந்த பேராண்டியும்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பேன்ட்டுல தூசி ஒட்டும், ஒட்டட்டும். மெட்ரோவுக்குத் தூண் தோண்ட ஆரம்பிச்சதுலேருந்து இந்த ட்ரங்க் ரோட்டுத் தூசியைத் தின்னுதான் உங்க தாத்தன் இன்னும் தெம்பா இருக்கேன்.

ஜெர்மனிக்காரன் கிட்ட எப்படிப் பேசறதுன்னு உங்க கம்பெனியில ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தாங்களாமே? உங்கம்மா தெரு பூராவும் சொல்லிகினு வர்றா. மத்தியானம் பிரியாணியாம், சாயங்காலம் சர்ட்டிபிகேட்டாம். ஜெர்மனிக்காரன் சொன்ன நேரத்துக்கு வருவான், தப்புன்னா மூஞ்சிக்கு நேரா தப்புன்னுவான், நாம தலையாட்டினா அது ஆமாவா இல்லையான்னு தெரியாம முழிப்பான். இதையெல்லாம் படம் போட்டுக் காட்டினாங்களாம். நல்லது. துட்டு கம்பெனியோடது, பிரியாணி உன்னோடது. யாருக்கு நஷ்டம்?

உன் நோட்டை உன் தங்கச்சி எனக்குப் படிச்சுக் காட்டினா. அதுல ஹாஃப்ஸ்டீடுன்னு ஒரு டச்சுக்காரரு வர்றாரு இல்ல? ஐ.பி.எம். கம்பெனி ஆளுங்க கிட்ட 1967லேருந்து 1973 வரைக்கும் லட்சத்துக்கு மேல கேள்வித்தாளைக் குடுத்து, பதிலைக் கூட்டிக் கழிச்சு 1980ல புஸ்தகமாப் போட்டாராம். எந்த நாட்டுக்காரன் மேலாளைப் பாத்து எவ்ளோ பம்முவான், எவன் தனிக்காட்டு ராஜா, எவன் கூட்டத்தோட கோவிந்தா, எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்காரு. மேல கீழன்னு பாக்கற குணத்துல இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நம்ம ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ கேன்டீன்ல டீ குடிக்கறவங்களை மட்டும் கேட்டுட்டு, காஞ்சிபுரம் ஜில்லா சனம் பூராவும் விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து காக்கிச் சட்டை போடுதுன்னு எழுதினா நீ ஒத்துக்குவியா? ஒரே கம்பெனி ஆளுங்களை வெச்சு ஒரு தேசத்து மனசை அளந்தா அப்படித்தான் வரும். படிச்ச வாத்தியாருங்களே இதைக் கேட்டு அவரோட மல்லு கட்டியிருக்காங்க.

ஆனா அந்த 77ஐ நான் பொய்யின்னு சொல்ல மாட்டேன். உங்க மேனேஜர் போன்ல கூப்பிட்டா நீ சேர்ல நுனிக்கு வந்துடற. உங்க அபார்ட்மென்ட் கேட்டுல அந்த அஸ்ஸாம் பையன் எழுந்து நின்னு சலாம் வெச்சா, அதே போன்லேருந்து கண்ணைத் தூக்க மாட்டேன்ற. ஹாஃப்ஸ்டீடு ஐயா நம்ம ஊருக்கு வராமலே உன்னைப் பாத்துட்டாரு போல.

இருக்கட்டும். நீ ஜெர்மனிக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு ஜெர்மன்காரர் இங்க வந்துட்டாரு, தெரியுமா? சீகன்பால்கு. 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கினாரு. வயசு உன்னைவிடக் கம்மி. டென்மார்க்கு ராஜா அனுப்பின ஆளு. அவருக்குக் கிளாஸ் எடுக்க ஆளில்ல, பிரியாணியும் இல்ல. இன்னா பண்ணாரு? திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தரைப் புடிச்சு, பள்ளிக்கூடத்தையே தன் ஊட்டுக்கு இட்டாரச் சொன்னாரு. பசங்களோட பசங்களா மணல்ல உக்காந்து, விரலால அ, ஆ எழுதினாரு. சின்னப் பசங்க சிரிச்சிருக்கும். வெள்ளைத் தோலு, வளந்த ஆளு, ‘ழ’ வரலைன்னா எந்தப் புள்ளதான் சிரிக்காது? அந்தச் சிரிப்பை வாங்கிகினுதான் எழுத்தைக் கத்துக்கினாரு. எட்டு ஒம்போது வருசத்துக்குள்ள பைபிளோட புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி வந்துடுச்சு.

இப்ப தாத்தன் கேக்கறேன், சொல்லு. அப்படிப்பட்டவரைப் புடிச்சு ஜெயில்ல போட்டாங்க, போட்டது யாரு? நம்ம ஆளுங்கன்னுதானே நினைக்கற? இல்லடா. தரங்கம்பாடிக் கோட்டையில இருந்த டேனிஷ்காரத் தலைவர், அவரோட சொந்த ஆளு. மாசக்கணக்குல உள்ள வெச்சிருந்தான். அதோட விட்டாங்களா? நம்ம சாமிங்களைப் பத்தி, எந்தச் சாமிக்கு இன்னா கதை, எந்தத் திருவிழா எப்ப வருதுன்னு விசாரிச்சு 1713ல ஒரு புஸ்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினாரு. அங்க ஹாலே ஊர்ல இருந்த பெரியவங்க, உன்னை அனுப்பினது அந்தச் சாமிங்களை ஒழிக்கறதுக்கு, இங்க கொண்டாந்து பரப்பறதுக்கு இல்லன்ற மாதிரி சொல்லி அதை மூட்டை கட்டி வெச்சுட்டாங்க. 1867லதான், அதுவும் நம்ம மெட்ராஸ் பட்டணத்துலதான் அது அச்சு ஏறிச்சு. அதுக்குள்ள அவரு செத்து நூத்தம்பது வருசம் கிட்ட ஆயிப்போச்சு.

அவருக்கும் நூறு வருசம் முந்தி மதுரைக்கு வந்த இத்தாலிக்காரர் ராபர்ட் தெ நோபிலி கதையும் அதேதான். காவி கட்டினாரு, கறி மீனு விட்டாரு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சாரு. ரோமாபுரிக்குப் பெட்டிஷன் மேல பெட்டிஷன் போட்டது மதுரைக்காரன் இல்ல, அவரோட சபை ஆளுங்கதான். 1623ல போப்பாண்டவர் ‘சரி போ’ன்னு சொல்ற வரைக்கும் அந்தப் பஞ்சாயத்து ஓடுச்சு.

இதை உன் கிளாஸ்ல சொல்லியிருக்க மாட்டாங்க. அடுத்தவன் பேச்சையும் பழக்கத்தையும் நீ கத்துக்கப் போனா, அவன் கோச்சுக்க மாட்டான். மொதல்ல மொறைக்கறது உன் ஆளுதான். அப்படி யாரும் மொறைக்கலைன்னு வெச்சுக்க, நீ இன்னும் ஒண்ணும் கத்துக்க ஆரம்பிக்கலைன்னு அர்த்தம்.

சந்தேகமா இருந்தா உங்க அபார்ட்மென்ட் வாட்சப் குரூப்பைப் பாரு. பெயின்ட் அடிக்க வர்ற பையனுங்க லிப்ட்ல ஏறக் கூடாதுன்னு ஒருத்தர் போட்டாரு, நாப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீங்க. நீயும் காட்டின, உன் தங்கச்சி சொன்னா. அவங்களுக்கு நீங்க வெச்ச பேரு ஒண்ணே ஒண்ணு, ‘வடக்கன்’. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அஸ்ஸாம், வங்காளம் எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டியாச்சு. ஒடிசாக்காரனை ‘இந்திக்காரன்’னு கூப்பிட்டா அவன் மூஞ்சி போற போக்கைப் பாத்திருக்கியா? டெல்லியில உன்னை ஒருத்தன் ‘ஏ மதராசி’ன்னா உன் மூஞ்சி எப்படிப் போச்சோ, அப்படியேதான். வந்து ஒரு வாரம் சோறு எறங்காம பொலம்பினியே.

அதனால உனக்கு ஏத்த மாதிரி பாடத்தைத் தலைகீழாச் சொல்லித் தர்றேன், எழுதிக்க. எவனும் உனக்குப் புரியக் கூடாது, நீயும் எவனுக்கும் புரியக் கூடாதுன்னா வழி ரொம்ப சுளுவு. தமிழ் தெரியாதவன் கிட்ட அதே தமிழைச் சத்தமா சொல்லு. அப்பவும் புரியலையா, இன்னும் சத்தமா சொல்லு, காது கோளாறா இருக்கும். அப்புறம் கடைசியில ஒரு ‘ஹை’ சேத்துக்க, ‘தண்ணி வரல ஹை, மோட்டார் போடு ஹை.’ அவன் சிரிச்சா, பல்லைக் காட்டறான், திமிருன்னு எடுத்துக்க. சிரிக்கலைன்னா, உம்மணாமூஞ்சி, ஏதோ திட்டம் போடறான்னு எடுத்துக்க. அவன் பேரைக் கேக்கவே கேக்காத. கேட்டா ஞாபகம் வெச்சுக்கணும், ஞாபகம் வெச்சுக்கினா கூப்பிடணும், கூப்பிட்டா அவன் திரும்பிப் பேசிடுவான். எதுக்கு வம்பு?

சிரிக்காத. இதைத்தான் நீங்க வருசக்கணக்கா பண்ணிகினு இருக்கீங்க, சர்ட்டிபிகேட் இல்லாமலே.

இந்த ட்ரங்க் ரோட்டுல டிப்போவுக்கு எதிர்சாரியில பானிபூரி தள்ளுவண்டிக்காரனைப் பாரு. வந்து ரெண்டு தீபாவளி கூட ஆவல. ‘அக்கா, காரம் தூக்கலா போடவா?’ன்றான். காய்கறிக்காரம்மா அவன் கிட்ட ஆலூ, பியாஜ் கணக்கை அவன் பேச்சுலயே சொல்லுது. ரெண்டு பேரும் எந்த வகுப்புக்குப் போனாங்க? அவனுக்கு வியாபாரம் ஆவணும், அந்தம்மாவுக்கு மூட்டை போவணும். தேவை இருக்கறவன் கத்துக்கறான். தேவை இல்லாதவனுக்குத்தான் கம்பெனி கிளாஸ் எடுக்குது. உனக்கு ஜெர்மனி தேவை, அதனால ஜெர்மன்காரன் கோணல் மாணல் எல்லாம் உனக்குக் ‘கலாச்சாரம்’. செக்யூரிட்டிப் பையன் உனக்குத் தேவை இல்லைன்னு நீ நினைக்கற, அதனால அவன் பண்றது எல்லாம் உனக்கு ‘தொல்லை’.

நம்ம பின்கட்டு லைன் ஊட்டுக்கு வா, காட்டறேன். நெல்லு வெளைஞ்ச நிலம்தான் அது. தாங்கல் தண்ணி நின்னு போனதும் நெல்லு போச்சு, நெல்லு போனதும் ரூம்பு முளைச்சுது. முன்னாடி லைன்ல ஒடிசாவுல பலாங்கீர் பக்கத்துப் பசங்க, பின்னாடி லைன்ல பீகார்ப் பசங்க. கட்டட வேலை, டைல்ஸ் வேலை. வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துடும், அதை மட்டும் உங்கப்பன் கிட்ட சொல்லிடாத.

அந்த ஒடிசாப் பசங்க ராத்திரி வடிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில உப்பு, வெங்காயம், சுட்ட கத்திரிக்கா, ஒரு பச்சமொளகா வெச்சுத் துன்றானுங்க. அவங்க ஊர்ல அதுக்குப் பேரு பகாளா. வெயில் காலத்துல தயிரும் ஊத்திக்குவானுங்க. மார்ச் 20ஆம் தேதியை அதுக்குன்னே ஒரு நாளா வெச்சுக் கொண்டாடறாங்களாம். புரி ஜெகந்நாதருக்கே அந்தப் படையல் உண்டாம். நான் திண்ணையில இந்தப் பழைய சோத்துக் கும்பாவோட உக்காந்திருந்தப்ப ஒருத்தன் எட்டிப் பாத்தான். என் கும்பாவைப் பாத்தான், அவன் கிண்ணத்தைப் பாத்தான். ஒண்ணும் பேசல. உள்ள போயி உளுந்து வடாம் பொரிச்சது நாலைக் கொண்டாந்து என் கும்பா ஓரத்துல வெச்சான். நான் மோர்மொளகா குடுத்தேன். அன்னியிலேருந்து பேச்சுக்குக் குறைவே இல்ல. உங்க ஊட்டுல பழைய சோறுன்னா மூஞ்சியைச் சுளிச்சுகினு ஓட்ஸு துன்றீங்க. இப்ப சொல்லு, இந்த ஊர்ல எனக்கு யாரு அன்னியன்?

எல்லாமே இப்படி சுகமா நடந்துடும்னு நினைக்காத. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அவங்களுக்கு நுவாகாய், புது நெல்லுச் சோத்தைச் சாமிக்குப் படைச்சுட்டுச் சாப்பிடற நாளு. சின்னவங்க பெரியவங்க கால்ல விழுந்து கும்பிடணும். நம்ம பசங்க பெரியவங்களுக்கு எங்க போவானுங்க? வரிசையா வந்து உங்க ஆயா காலைத் தொட்டானுங்க. அவ, ‘முடியாது முடியாது, வாடகையைக் கொறைக்கவே முடியாது’ன்னு கத்திகினே உள்ள ஓடிட்டா. கிண்ணத்துல சோறு வெச்சுக்கினு அதுங்க நிக்குதுங்க. அப்புறம் நம்ம தெரு ஸ்கூல்ல படிக்கற அதுங்க மேஸ்திரி பொண்ணு வந்து தமிழ்ல வெளக்கினா. ஏழு வயசு. அவளைவிடப் பெரிய துபாஷி இந்தத் தாலுக்காவுல இல்ல.

துபாஷின்னதும் ஞாபகம் வருது. வெள்ளைக்காரக் கம்பெனி காலத்துல ரெண்டு பாஷை தெரிஞ்சவன்தான் ராஜா. புதுச்சேரியில பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை, மெட்ராஸ்ல பச்சையப்ப முதலியாரு மாதிரி ஆளுங்க. பிள்ளையவரு வருசக்கணக்கா டைரி எழுதினாரு, பச்சையப்பரு சொத்தைத் தருமத்துக்கு எழுதி வெச்சாரு, அதனால பேரு நிக்குது. பேரு நிக்காத துபாஷிங்க எவ்ளோ பேர் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் வாரினாங்களோ! ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கினா நடுவுல இருக்கறவன் அடுப்பு எரியாது பாரு. இன்னிக்கும் அவன் இருக்கான். ஆள் கொண்டாந்து விடற ஏஜென்டு. வேலை குடுக்கறவன் கிட்ட ஒரு கூலி சொல்லுவான், அந்தப் பையன் கிட்ட வேற கூலி சொல்லுவான். வெளி மாநிலத் தொழிலாளிக்குன்னு 1979லயே சட்டம் போட்டாங்க, ஏஜென்டுக்கு லைசென்சு வேணும், ஆள் கணக்கு வேணும்னு. சட்டம் இங்கிலீஷ்ல இருக்கு, பையன் ஒடியாவுல இருக்கான், நாம தமிழ்ல இருக்கோம். ஏஜென்டு மட்டும் மூணுலயும் இருக்கான்.

இங்க தாத்தன் கொஞ்சம் கிண்டலை நிறுத்திக்கறேன். தோ, கூப்பிடு தூரத்துல மவுலிவாக்கம். 2014 ஜூன் 28ஆம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், மழை. கட்டிகினு இருந்த பதினோரு மாடிக் கட்டடம் அப்படியே உக்காந்துடுச்சு. 61 பேர் செத்தாங்க. வடக்கு ஆந்திராவுல ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்துச் சனம் நிறைய பேரு, ஒடிசாக்காரங்க, நம்ம ஆளுங்களும்தான். அடுத்த நாளு ஆஸ்பத்திரி வாசல்லயும் அந்த ரோட்லயும் தெலுங்கு, ஒடியான்னு அழுகை. பக்கத்துல நின்ன கட்டடத்தை 2016ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க, அதைப் பாக்க எவ்ளோ கூட்டம்! அந்த மாடியில சாரம் ஏறினவன் ரெண்டு வருசம் நம்ம கடையிலதான் பீடி வாங்கினான், நம்ம ரோட்லதான் நடந்தான். தூணு சரியில்ல, கம்பி சரியில்லன்னு அவனுக்குத் தோணியிருந்தா யார் கிட்ட சொல்லியிருப்பான்? யாரு அவனை உக்கார வெச்சுக் கேட்டோம்? உன் நோட்டுல ‘கம்யூனிகேஷன் கேப்’புன்னு ஒண்ணு எழுதியிருக்கியே, அதுக்கு நம்ம பக்கத்துல மண்ணு போட்டு மூடின எடம் இருக்கு.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. 2023 மார்ச்சு ஞாபகம் இருக்கா? ஹோலிக்கு முந்தின வாரம். தமிழ்நாட்டுல பீகார்காரங்களை வெட்டறாங்க, அடிக்கறாங்கன்னு வீடியோ சுத்துச்சு. எங்கயோ எப்பவோ நடந்த அடிதடியையெல்லாம் கோத்து விட்டிருந்தானுங்க. பொய்யின்னு நம்ம போலீசு சொல்லிச்சு, கேசும் போட்டுச்சு. பீகார் சர்க்காரு விசாரிக்க ஆபீசருங்களை அனுப்பிச்சு. எல்லாம் சரி. ஆனா பின்னாடி லைன்ல இருந்த பையனோட அம்மாவுக்கு எந்த ஆபீசர் சொன்னாலும் ஏறல. ‘உடனே கிளம்பி வா’ன்னு போன் மேல போனு. பையன் அழுவாத குறை. உங்க ஆயா போனைப் புடுங்கி வீடியோவுல மூஞ்சியைக் காட்டினா, கையில கொழம்புக் கரண்டி வேற. இவ தமிழ்ல பேசறா, அந்தம்மா அவங்க ஊர்ப் பேச்சுல பேசுது. ஒருத்தி சொன்னது ஒருத்திக்கு ஒரு சொல்லு புரியாது. அரை மணி நேரம்! அப்புறம் அந்தம்மா பையனை அங்கயே இருன்னுடுச்சு. ‘இன்னாடி பேசின அவ்ளோ நேரம்?’னு கேட்டேன். ‘மருமவளைப் பத்தி’ன்றா. யாரோட மருமவன்னு நான் கேக்கல. எனக்கு இந்த ஊட்ல ராத்திரி சோறு வேணும்.

இப்ப ஜெர்மனிக்கு வா. அவன் ‘இது நல்லாயில்ல’ன்னா வேலையைச் சொல்றான், உன் பரம்பரையைச் சொல்லல. ராத்திரி பூரா தூங்காம அம்மாவுக்குப் போன் போட்டு அழுவாத. முடியாத வேலையை முடிச்சுடறேன்னு தலையாட்டிட்டு வராத. காமராசரு ‘ஆகட்டும், பார்க்கலாம்’னு சொல்றதுக்குப் பேர் போனவரு, அவரு சொன்னா அது அழகு. நீ சொன்னா அது ‘மாட்டேன்’. நமக்குத் தெரியும், ஜெர்மன்காரன் அதை நம்பிக் காலண்டர்ல குறிச்சு வெச்சுடுவான்.

கொரியாவுக்குப் போறவனுக்குத்தான் நம்ம ஊர்ல பாடமே தேவையில்ல. 1996ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில வந்து எறங்கினப்ப எல்லாரும் பயந்தானுங்க. 1998ல சான்ட்ரோ காரு வெளிய வந்துச்சு. இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியா எழுத்துல போர்டு வெச்ச சாப்பாட்டுக் கடையே இருக்கு. பெரியவங்களுக்கு எதையும் ரெண்டு கையால குடுக்கறது, குனிஞ்சு வணக்கம் வெக்கறது, பெரியவங்க எதிர்ல குடிக்கறப்ப மூஞ்சியை அந்தாண்ட திருப்பிக்கறது எல்லாம் அவங்க மரியாதையாம். மூஞ்சியைத் திருப்பிக்கினு குடிக்கறது உங்கப்பனுக்கும் நல்லா வரும். ஆனா அது கொரியா மரியாதை இல்ல, உங்க ஆயா பயம்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. முன்னாடி லைன் மாடியில தண்ணி டேங்கு பைப்பு ஒழுவுது. பலாங்கீர்ப் பையன் மேல ஏறி அதைப் பாத்துகினு இருக்கான். நீ போய் அவன் கூட நில்லு. ஸ்பேனர் கேட்டா ஸ்பேனர் குடு, அவன் கேக்கறது ஸ்பேனரா கட்டிங் பிளேயரான்னு தெரியலைன்னா ரெண்டையும் காட்டு, சிரிப்பான், சிரிக்கட்டும். போன்ல வெச்சிருக்கியே, பேசினா மொழிபெயர்க்கற கருவி, அதை இங்கயே வெச்சுட்டுப் போ, தாத்தன் பத்திரமாப் பாத்துக்கறேன். சர்ட்டிபிகேட்டையும் வெச்சுட்டுப் போ, கும்பாவை மூட ஒண்ணும் அகப்படல, ஈ மொய்க்குது.

ஷூவைக் கழட்டிட்டு ஏறுடா, ஏணி வழுக்கும்.